திருத்திய கோப்பு யாரிடம் இருக்கிறது? தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் பதிப்பகம் வெளியிட்ட மின்னூல்களில் ஏதேனும் ஒரு நாவலைக் கைப்பேசியில் திறந்து, தேடும் இடத்தில் 'அவர்கள்' என்று தட்டுங்கள். 200 பக்க நாவலில் அந்தச் சொல் வராமல் இருக்க வழியே இல்லை. 'எதுவும் அகப்படவில்லை' என்று செயலி சொன்னால், அந்த நூலுக்குள் இருப்பது 'அவர்கள்' அல்ல, 'அவா்கள்'. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். முதலாவதில் புள்ளி ரகரத்தின் மேல் இருக்கிறது. இரண்டாவதில் துணைக்காலின் மேல். தமிழில் அப்படி ஓர் எழுத்தே கிடையாது.

இந்த மடலை எழுதும் எங்களில் சிலர் முதல் நூலின் பிரதியோடு உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள். சிலர் மின்னூல் ஆக்குவதையே வேலையாக வைத்திருப்பவர்கள். இரு தரப்புக்கும் கோரிக்கை ஒன்றுதான்: அச்சுக்குப் போகிற இறுதிப் பாடத்தை ஒருங்குறியில் (எல்லாக் கருவியும் படிக்கிற யூனிகோடில்) வைத்திருங்கள், அதில் ஒரு பிரதியை எழுதியவருக்கும் கொடுங்கள். இதற்கு இத்தனை நீள மடலா என்று தோன்றலாம். அந்தக் கோப்பு எந்த இடத்தில் தொலைகிறது என்பதைச் சொல்லத்தான் இந்த நீளம்.

இன்று முதல் நூலோடு வருகிறவர் பெரும்பாலும் தாளில் எழுதிக் கொண்டுவருவதில்லை. கைப்பேசியிலோ வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ ஒருங்குறியில் தட்டிய கோப்பு மின்னஞ்சலில் வருகிறது. அதை வாங்கும் வடிவமைப்பாளரின் கணினியில் பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கர் இருக்கும், இல்லாவிட்டால் பழைய இன்டிசைன். பேஜ்மேக்கருக்கு ஒருங்குறித் தமிழ் தெரியாது. பழைய இன்டிசைனில் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கும். ஆகவே அவர் கோப்பை எழுத்துரு மாற்றியில் போட்டு வானவில், ஸ்ரீலிபி என்று கைக்குப் பழகிய பழைய எழுத்துரு ஒன்றுக்குக் கொண்டுவந்து பக்கம் கட்டுகிறார். பிழை பார்ப்பவர் அச்செடுத்த தாளில் சிவப்பு மையால் திருத்துகிறார். முதல் புரூஃப், இரண்டாம் புரூஃப், சில பதிப்பகங்களில் மூன்றாவதும் உண்டு. ஆசிரியர் கடைசி நேரத்தில் ஒரு பத்தியை எடுக்கச் சொல்கிறார், ஓர் அத்தியாயத்தின் முடிவை மாற்றுகிறார். எல்லாத் திருத்தமும் அந்தப் பழைய எழுத்துருக் கோப்பில்தான் ஏறுகிறது. நூல் அச்சாகி வந்த அன்று, அதன் சரியான பாடம் ஒரே ஓரிடத்தில்தான் இருக்கிறது: வடிவமைப்பாளரின் கணினியில், ஒருங்குறி அல்லாத குறியேற்றத்தில். எழுத்தாளரிடம் இருப்பது சிவப்பு மை படாத பழைய வேர்டு கோப்பு.

பிறகு ஒருநாள் மின்னூல் போடலாம் என்று பேச்சு வருகிறது. அப்போது எல்லோரும் பிடிக்கிற குறுக்குவழி இரண்டு. ஒன்று, எழுத்தாளரின் பழைய வேர்டு கோப்பை அப்படியே ஏற்றிவிடுவது. பிழை பார்த்தவருக்குக் கொடுத்த கூலி அத்தனையும் தண்டம். அச்சில் நீக்கிய பத்தி மின்னூலில் உயிரோடு இருக்கும். மற்றொன்று, அச்சகத்துக்கு அனுப்பிய பிடிஎஃப்பிலிருந்து எழுத்தைப் பிடுங்குவது. இது முதல் வழியைவிட மோசம். ஏன் என்று விளங்க, பழைய எழுத்துருக்கள் எப்படி வேலை செய்தன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அவை தமிழ் எழுத்தைச் சேமிப்பதில்லை, தமிழ் வடிவத்தை மட்டும் காட்டுகின்றன. பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று தெரிகிற இடத்தில் கோப்புக்குள் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு இருக்கும்வரை அது தமிழ். எழுத்துரு இல்லாத கைப்பேசியில் அது வெறும் ஆங்கிலக் குப்பை. அதோடு, இவை கண்ணில் படுகிற வரிசையில் எழுத்தை வைப்பவை. 'கொடு' என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால், பிறகு டு. ஒருங்குறியில் முறை வேறு: க முதலில், ஒகரக் குறி அதன் பின்னால், நாம் ஒலிக்கிற வரிசை. மாற்றிகள் இந்த இடம் மாற்றலைச் செய்தாக வேண்டும். நல்ல மாற்றி ஒழுங்காகச் செய்யும். ஆனால் ஒரே நிறுவனத்தின் எழுத்துருக்களிலேயே பதிப்புக்குப் பதிப்பு குறியேற்றம் மாறியிருப்பதால், எந்த எழுத்துரு என்று சரியாகச் சொல்லாமல் மாற்றினால் ஸ, ஜ, ஷ போன்ற கிரந்த எழுத்தும் மேற்கோள் குறியும் இடம் மாறிப்போகும்.

பிடிஎஃப்பின் கதை தனி. நீங்கள் ஒருங்குறியிலேயே பக்கம் கட்டியிருந்தாலும், பிடிஎஃப் பக்கத்தில் வரைந்த வடிவங்களைத்தான் அடுக்கி வைத்திருக்கும். நகலெடுத்து ஒட்டினால் 'கொடு' என்பது 'ெகாடு' என்று வரும், 'மேல்' என்பது 'ேமல்' என்று வரும். கு, டி போன்ற கூட்டு வடிவங்கள் சில பிடிஎஃப்களில் தடயமில்லாமல் காணாமல் போகும். ஒவ்வொரு வரியின் முடிவும் பத்தியின் முடிவாகிவிடும். பக்க எண்ணும் மேலே ஓடும் நூல் தலைப்பும் வாக்கியத்தின் நடுவே வந்து உட்காரும்: கதாநாயகி கதவைத் திறக்கிற இடத்தில் 147 என்று இருக்கும். பிடிஎஃப்பிலிருந்து மின்னூல் எடுப்பது, அரைத்த மாவிலிருந்து அரிசி எடுக்கிற வேலை.

இப்படி எடுத்த பாடத்தைச் சரிசெய்ய உட்காருகிறவர்கள் 'கண்டுபிடித்து மாற்று' வசதியை நம்பி மேலும் கெடுப்பதும் உண்டு. எது துணிந்து செய்யலாம், எது கூடாது என்று சொல்லிவிடுகிறோம். துணைக்காலை அடுத்துப் புள்ளி வந்தால் ர் என்று ஒரேயடியாக மாற்றலாம். துணைக்காலை அடுத்து இகரக் குறி வந்தால் ரி, ஈகாரக் குறி வந்தால் ரீ. அந்தச் சேர்க்கைகள் தமிழில் எங்குமே வராதவை, ஆகவே ஆபத்தில்லை. ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தால் ஒரே ஒகரக் குறியாக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தேடும்போது தெரியும், ஏனென்றால் இரண்டையும் ஒன்றாகக் கருதித் தேடுகிற அறிவு எல்லாச் செயலிக்கும் இல்லை.

ஔகாரத்தில் மட்டும் கை வைக்கும்போது கவனம் வேண்டும். பழைய எழுத்துருவில் 'ஔவை' என்பதை ஒ, ள என்று இரண்டெழுத்தாகத் தட்டுகிற பழக்கம் இருந்ததால் மாற்றிய கோப்பில் 'ஒளவை' என்று நிற்கும். அதைப் பார்த்துவிட்டு 'ஒள' எல்லாவற்றையும் 'ஔ' ஆக்கினால் ஒளி, ஒளிவு, ஒளிந்தான் எல்லாம் நாசம். 'கெளரவம்', 'பெளர்ணமி', 'செளகரியம்' என்பவையும் இதே நோய்தான். ஆனால் 'கெள'வை மாற்றப் போனால் கெளுத்தி மீன் செத்துவிடும், 'தெள'வை மாற்றினால் தெளிவு போய்விடும். இதைச் சொல் சொல்லாகத்தான் பார்க்க வேண்டும். நிதானமாகப் பார்த்தால் ஒரு நாவலுக்கு அரை மணி நேரம்.

பழைய நூல்களை மறுபதிப்புச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் லை, ணை, னை ஆகியவை துதிக்கையோடும், ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவத்தோடும் இருக்கும். பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள்கள் இவற்றில்தான் அதிகம் தடுமாறும். க போன்ற தமிழ் எண் ௧, உ போன்ற ௨, எ போன்ற ௭ எல்லாம் எழுத்துக்குப் பதிலாக நுழைந்துவிடும். தமிழ் எண் பயன்படுத்தாத நூலாக இருந்தால் அந்தப் பத்து எண்களையும் தேடிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. மற்றபடி எழுத்துணரி தந்த பாடத்துக்கு மூல நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மதுரைத் திட்டம் 1998இலிருந்து தன்னார்வலர்களின் கையுழைப்பால்தான் பழந்தமிழ் நூல்களை மின்வடிவத்துக்குக் கொண்டுவந்தது. கூலி இல்லாமல் அவர்கள் செய்ததைக் கூலி கொடுத்து நீங்கள் செய்ய முடியாதா?

சரி, புது நூலுக்கு என்ன செய்யலாம்? வேலையின் வரிசையை மாற்றினால் போதும். புரூஃப் திருத்தத்தைப் பக்கம் கட்டுவதற்கு முன், வேர்டு கோப்பிலேயே முடியுங்கள். தாளில் பார்த்துத்தான் பழக்கம் என்கிற மூத்த பிழைதிருத்துநர்களுக்கு அந்த வேர்டு கோப்பையே 14 புள்ளியில், இரட்டை இடைவெளியில் அச்செடுத்துக் கொடுங்கள்; கண்ணுக்கும் அது சுகம். திருத்தமெல்லாம் ஏறி ஆசிரியர் ஒப்புதல் தந்தபின் அந்தக் கோப்புக்குத் தேதியோடு ஒரு பெயர் வைத்து, அதிலிருந்து பக்கம் கட்டுங்கள். பக்கம் கட்டியபின் பார்க்கிற புரூஃபில் வரி முறிவும் விடுபட்ட வரியும்தான் பார்க்க இருக்கும். அதையும் மீறி வருகிற சொல் திருத்தங்களை வேர்டு கோப்பிலும் ஏற்றிவிட வேண்டும். பத்தோ இருபதோ இருக்கும், சோம்பல்படக் கூடாது.

இன்னும் நல்லது, பக்கம் கட்டுவதையே ஒருங்குறியில் செய்வது. இப்போதைய இன்டிசைனில் பத்தி அமைப்பை 'வேர்ல்டு ரெடி' என்ற வகைக்கு மாற்றினால் தமிழ் எழுத்து பிய்யாமல் சேர்ந்து நிற்கும். பலருக்கு அது ஒத்துவரவில்லை என்று தோன்றுவதற்குக் காரணம் அந்த ஒரு அமைப்பை மாற்றாததுதான். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், காட்டமரன் முதலிய எழுத்துருக்கள் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. அச்சுக்கும் பயன்படுத்தலாம், மின்னூலுக்குள் பதிக்கவும் செய்யலாம். ஒருங்குறியில் அழகான எழுத்துரு இல்லை என்ற குறையில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. இன்னமும் அந்த எழுத்துருக் குறையையே சொல்லிக்கொண்டிருப்பது பழக்கத்துக்குச் சாக்கு, வேறொன்றுமில்லை.

வேர்டு கோப்பை மின்னூலுக்கு ஏற்றபடி வைத்திருப்பதில் எழுத்தாளர்களாகிய எங்கள் பங்கும் உண்டு, ஒப்புக்கொள்கிறோம். அத்தியாயத் தலைப்பை எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் மனிதருக்குத் தலைப்பு, கணினிக்கு இல்லை. 'ஹெடிங் 1' என்ற பாணியைக் கொடுத்தால்தான் பொருளடக்கம் தானாக உருவாகும். புதுப் பக்கத்துக்காக என்டரை இருபது தடவை தட்டக் கூடாது, பக்க முறிவு போட வேண்டும். பத்தித் தொடக்கத்தில் இடைவெளியைத் தட்டி உள்ளே தள்ளக் கூடாது. எழுத்தின் நிறத்தைக் கறுப்பு என்று குறிக்காமல் தானியங்கி நிலையில் விட வேண்டும். குறித்துவிட்டால் இரவுப் பயன்முறையில் கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து, பக்கம் காலியாகத் தெரியும்.

அந்தக் கோப்பிலிருந்து இபப் ஆக்குவது பெரிய வித்தை இல்லை. இபப் என்பது வலைப்பக்கங்களைக் கட்டி வைத்த ஒரு ஜிப் பொட்டலம். அதை ஆக்க உதவும் சிகில், காலிபர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ஆக்கியபின் இபப்செக் என்ற சோதனையில் பிழை இல்லாமல் தேற வேண்டும். படமும் அட்டவணையும் இல்லாத 200 பக்க நாவல், திருத்திய ஒருங்குறிக் கோப்பு கையில் இருந்தால், பழகியவருக்கு ஒரு நாள் வேலை. அதே நாவலை பிடிஎஃப்பிலிருந்து எடுத்தால் வாரக் கணக்கு. மின்னூல் கட்டுபடியாகவில்லை என்று நீங்கள் சொல்கிற கணக்கில் பாதி இந்த வித்தியாசம்தான்.

பார்வைக்கு ஒன்றிரண்டு. இரு ஓரமும் சமமாக நிற்க வேண்டும் என்ற அச்சு ஆசையை விடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' ஒன்றே கைப்பேசியில் ஒரு வரியைத் தின்னும். சமப்படுத்தினால் மற்ற வரிகளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வெற்றிடம் ஆறாக ஓடும். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும். மேலே கொக்கியும் கீழே சுழியும் உள்ள எழுத்து நம்முடையது, வரி உயரம் எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். எழுத்தளவைப் பிக்சலில் கட்டிப்போட்டால் மூக்குக் கண்ணாடிக்காரர் பெரிதாக்கிப் படிக்க முடியாது. கவிதை நூலில் மடிந்து வருகிற நீண்ட வரி அடுத்த அடிபோலத் தோன்றாமலிருக்க, மடிந்த பகுதி உள்ளே தள்ளி நிற்கும்படி அமைக்க வேண்டும். இதைச் செய்யாத கவிதை மின்னூலில் யாப்பும் இல்லை, புதுக்கவிதையும் இல்லை.

நூலின் மொழி தமிழ் என்று கோப்புக்குள் குறிப்பது ஒரு நொடி வேலை. மென்பொருள் தானாகப் போட்ட 'ஆங்கிலம்' என்ற குறிப்போடு வெளியாகும் தமிழ் மின்னூல்களும் இருக்கின்றன. அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்றால், வாசித்துக் காட்டும் குரல் ஆங்கிலக் குரலாகப் போய்விடுகிறது. பார்வையற்ற வாசகர்கள் டாக்பேக், என்விடிஏ போன்ற திரை வாசிப்பிகளால்தான் படிக்கிறார்கள். பழைய எழுத்துருக் கோப்பு அவர்களுக்கு ஜே, கே, பி, ஓ என்று ஒப்பிக்கும். 'கெளரவம்' கெளரவம் என்றே ஒலிக்கும். அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காக நூல்களை அணுகத்தக்க வடிவுக்கு மாற்றுவதை நம் பதிப்புரிமைச் சட்டம் 2012இலிருந்து அனுமதிக்கிறது; இதற்கான பன்னாட்டு மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். சட்டம் தாராளமாகத்தான் இருக்கிறது. கோப்புதான் இல்லை. ஆகவே தன்னார்வலர்கள் உங்கள் அச்சு நூலை வாங்கி, பிரித்து, வருடி, எழுத்துணரியில் போட்டு, நீங்கள் ஏற்கெனவே திருத்திய பிழைகளை மறுபடி முதலிலிருந்து திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உரிமை. முதல் நூல் போடுகிறவரிடம் ஒப்பந்தம் என்ற பேச்சை எடுக்காமலே வேலை நடப்பது நம் சூழலில் சகஜம். 'நமக்குள் என்ன ஒப்பந்தம்' என்கிற அன்பு அச்சுக்குச் சரி என்றே வைத்துக்கொள்வோம்; மின்னூலில் அது இரு தரப்பையும் கெடுக்கும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த நூல், என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, என்ன ராயல்டி என்று சொல்ல வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு. நிலப்பரப்பு சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் இருக்கும் வாசகருக்கு மின்னூல் விற்க அந்தத் தாள் உதவாது. வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதி. மின்னூல் உரிமையையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டு பெட்டியில் பூட்டி வைக்கிறவர்கள் இந்த வரியைப் படிக்க வேண்டும். மின்னூலே இல்லாத காலத்தில் போட்ட ஒப்பந்தங்களுக்கு வேறொரு சிக்கல்: அன்றைக்கு வழக்கில் இல்லாத ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிக்காத உரிமை மாற்றம் அந்த ஊடகத்துக்குச் செல்லாது என்கிறது 2012 திருத்தம். முந்தைய ஒப்பந்தங்களுக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். எழுத்தாளரின் வாரிசிடம் புதிதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது அதைவிட மலிவு.

அமேசானின் கிண்டிலில் போடுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்திய விற்பனைக்கு 70 விழுக்காடு ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அதன் தனியுரிமைத் திட்டத்தில் நூலைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் 35 விழுக்காடு. சேர்த்தால் 90 நாளுக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்குப் பத்தில் ஒரு பங்கு காட்டலாம், அவ்வளவே. சிறுகதைத் தொகுப்போடு வரும் புதியவரின் கதைகளில் பாதி ஏற்கெனவே இணைய இதழ்களில் வந்தவையாக இருக்கும். அவரிடம் கேட்காமல் நீங்கள் செலக்ட்டில் சேர்த்தால் விதியை மீறுவது நீங்கள்தான். முதலில் கேளுங்கள். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணும் அச்சுக்குத் தனி, மின்னூலுக்குத் தனி. இந்தியாவில் அது இலவசம், மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

மின்னூல் போட்டால் திருட்டுப் பிரதி பரவும் என்ற அச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெலிகிராமில் சுற்றும் தமிழ் நாவல் பிடிஎஃப் சிலவற்றைத் திறந்து பாருங்கள். வளைந்த பக்கம், நூல் தையலின் நிழல், ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல். அச்சு நூலிலிருந்து எடுத்தவை அவை. வாங்கிப் படிக்க ஒழுங்கான மின்னூல் கிடைக்காத இடத்தில்தான் அந்தக் கட்டைவிரலுக்கு வேலை அதிகம்.

ஜனவரிப் புத்தகக் காட்சிக்கான நூல்கள் வேலையில் இருக்கும் நேரம் இது. எல்லாவற்றையும் இந்த ஆண்டே மாற்றச் சொல்லவில்லை. புது நூல்களின் ஒப்பந்தத்தில் கீழுள்ள வரிகளைச் சேருங்கள். வழக்கறிஞரிடம் காட்டி மொழியைச் சீர்செய்துகொள்ளலாம்.

"அச்சுக்கு அனுப்பிய இறுதிப் பாடத்தை, எல்லாத் திருத்தங்களும் ஏறிய ஒருங்குறி வேர்டு கோப்பாக, நூல் வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் எழுத்தாளருக்கு அளிப்பார். மின்னூல் உரிமை ............ ஆண்டுகளுக்கு, உலகம் முழுமைக்கும், ............ விழுக்காடு ராயல்டிக்குப் பதிப்பாளருக்கு அளிக்கப்படுகிறது. நூல் அச்சில் வெளியான 12 மாதத்துக்குள் மின்னூல் வெளியாகாவிட்டால் மின்னூல் உரிமை எழுத்தாளரிடம் திரும்பும். மேற்சொன்ன கோப்பைக் கொண்டு அவர் தாமே மின்னூல் வெளியிடலாம்."

இப்படிக்கு,
முதல் நூலோடு காத்திருக்கும் சிலரும்
மின்னூல் ஆக்கும் சிலரும்